பென்சில் முனை முறிந்ததற்கு 40 நிமிட அழுகை: சின்னப் பிள்ளைகளுக்கு நிதானம் பழக்குவது எப்படி?

என் மகனுக்கு அப்போது 4 வயது. ஒரு நாள் பின்னேரம் மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் படம் கீறிக்கொண்டிருந்தான். பென்சில் முனை முறிந்தது. கொப்பியைக் கிழித்தான், பென்சிலை முற்றத்தில் எறிந்தான், தரையில் விழுந்து 40 நிமிடம் அழுதான். முதலில் ஆறுதல் சொன்னேன். பிறகு ஏசினேன். பிறகு ஓர் அடியும் போட்டேன். கடைசியில் போனைக் கையில் கொடுத்தேன். அழுகை அந்தக் கணமே நின்றது. அன்று அவன் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: விடாமல் அழுதால் போன் கிடைக்கும்.

இப்படியே 8 மாதம் போனது. இடையில் பிள்ளைகளின் நடத்தைக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு தனியார் நிலையத்தில் 10 வகுப்புகளுக்கான பணத்தை முன்கூட்டியே கட்டினேன். பிள்ளையை உள்ளே அழைத்துப் போனார்கள், என்னை வெளியே கதிரையில் இருத்தினார்கள். வீட்டில் நான் என்ன செய்ய வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. 4 வகுப்போடு நிறுத்தினோம். மிகுதிப் பணம் திரும்பி வரவில்லை.

அதன் பிறகு எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அவன் அழாமல் இருக்கிற நேரத்தில் அவனுக்கு என்ன பழக்கினீர்கள்?" என்னிடம் பதில் இல்லை. நான் பழக்க முயன்றதெல்லாம் அவன் அழுதுகொண்டிருந்தபோதுதான். தோணி கவிழ்ந்த பிறகு ஒருவரும் நீச்சல் சொல்லிக் கொடுப்பதில்லை. இந்தக் கட்டுரையில் உள்ள ஒவ்வொரு படியும் அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான்.

இது 3 முதல் 7 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. மூடி திறக்கவில்லை, தம்பி பொம்மையைப் பறித்துவிட்டான், கடையில் கேட்டது கிடைக்கவில்லை என்ற அன்றாடச் சிக்கல்களுக்கானது. வெள்ளத்தில் வீட்டை விட்டு ஓடி வந்த பிள்ளை, விபத்தைக் கண்ணால் கண்ட பிள்ளை, வீட்டில் ஒரு சாவைப் பார்த்த பிள்ளை ஆகியோரின் அழுகை வேறு. அப்படியானால் நேரே 9ஆம் படிக்குப் போங்கள்.

1. முதல் 2 வாரம் எதையும் மாற்றாமல் எழுதிப் பாருங்கள்

ஒரு 40 பக்கக் கொப்பி போதும். பக்கத்தை 5 நிரலாகப் பிரியுங்கள்: நேரம், அதற்கு முன் நடந்தது, பிள்ளை செய்தது, நாங்கள் செய்தது, எத்தனை நிமிடம் நீடித்தது. ஒவ்வொரு அழுகைக்கும் ஒரு வரி. இரவில் மொத்தமாக எழுதலாம் என்று விட்டால் பாதி மறந்துபோகும். கொப்பியைக் குசினி அலுமாரியில் வைத்து, நடந்த உடனே எழுதுங்கள்.

இங்கே பலர் விழும் குழி ஒன்று உண்டு. "குழப்படி செய்தான்", "அடம் பிடித்தான்" என்று எழுதினால் அதில் ஒரு தகவலும் இல்லை. "12.10, முன்பள்ளியால் வந்தான், சப்பாத்துக் கழற்ற முடியவில்லை, சப்பாத்தை எறிந்தான், நான் ஏசினேன், 15 நிமிடம்" என்று எழுதுங்கள். கண் பார்த்தது மட்டும் போதும், தீர்ப்பு வேண்டாம்.

என் கொப்பியில் 14 நாளில் 31 வரிகள் இருந்தன. அவற்றில் 20, முன்பள்ளி விட்டு வந்து சோறு தின்னும் வரையுள்ள நேரத்திலும், விளக்கு வைக்கும் நேரத்திலும் நடந்திருந்தன. முன்னையது பசி. பின்னையது நித்திரைக் களைப்பு; பகல் தூக்கத்தை அவன் விட்டு 3 மாதம் ஆகியிருந்தது, இரவிலோ 10 மணிக்குத்தான் படுத்தான். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி 3, 4 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் 10 முதல் 13 மணித்தியால நித்திரை வேண்டும், பகல் தூக்கமும் சேர்த்து. போன், தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருப்பது 1 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. என் மகன் 8 மணித்தியாலம்தான் தூங்கிக்கொண்டிருந்தான்.

வீட்டுப்படி ஏறியதும் கையில் ஒரு வாழைப்பழம் கொடுத்தோம். இரவு 8 மணிக்குப் படுக்க வைத்தோம். இந்த இரண்டும் வேறெந்தப் பயிற்சியும் தொடங்குவதற்கு முன்பே அழுகையை ஏறக்குறைய பாதியாக்கின. இந்தப் படியைத் தாண்டிப் பாயாதீர்கள். பசித்த பிள்ளைக்கு எந்தப் பாடமும் ஏறாது.

2. வளவில் உள்ள எல்லோரையும் ஒரே சொல்லுக்குக் கொண்டுவாருங்கள்

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பதால் அம்மம்மா அதே வளவில் அல்லது அடுத்த வளவில் இருப்பார். சித்தி, மாமா எல்லோரும் கூப்பிடு தூரம். பிள்ளைக்கு அது பெரிய பாக்கியம். ஆனால் நீங்கள் இல்லை என்று சொன்னதை அம்மம்மா 2 நிமிடத்தில் கொடுத்துவிட்டால், அடுத்த முறை பிள்ளை அழுதுகொண்டே அந்த வீட்டுப் பக்கம்தான் ஓடுவான். அதில் அவனுடைய பிழை ஒன்றும் இல்லை.

ஒரு நாள் இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு எல்லோரையும் உட்கார வைத்து 4 விடயங்களை மட்டும் பேசி முடிவெடுத்தோம். அழுகையை நிறுத்துவதற்காக போனும் டொபியும் கொடுப்பதில்லை. அடிப்பதில்லை. ஒருவர் இல்லை என்றால் மற்றவரும் இல்லை. நான்காவதுதான் எங்களுக்கு மிகக் கடினமாக இருந்தது: பேய் வரும், பொலிஸ் பிடிக்கும், ஊசி போடுவார்கள் என்று பயமுறுத்துவதில்லை.

இந்த நான்காவதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். நாளை பிள்ளை கூட்டத்தில் தொலைந்தால் அவன் போய் நிற்க வேண்டிய இடம் பொலிஸ்காரரின் பக்கம். 3 வயதிலும் 5 வயதிலும் அவனுக்குத் தடுப்பூசி இருக்கிறது. எந்த ஆளைக் காட்டி இன்று அழுகையை அடக்குகிறோமோ, அந்த ஆளிடம் நாளை அவனை நாமே அனுப்ப வேண்டியிருக்கும்.

அம்மம்மாவிடம் "நீங்கள் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறீர்கள்" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். நான் முதலில் அப்படித்தான் தொடங்கி, 3 நாள் அம்மா என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு வேறு விதமாகக் கேட்டேன்: "அம்மா, இவனுக்குத் தேத்தண்ணி ஆற்றுகிற விளையாட்டை நீங்கள்தான் பழக்க வேண்டும். நான் சொன்னால் கேட்கிறான் இல்லை." அன்றிலிருந்து அவர்தான் இந்த வீட்டின் முதல் ஆசிரியை. அந்த விளையாட்டு 5ஆம் படியில் வருகிறது.

3. உணர்ச்சிகளுக்குப் பெயர் கொடுங்கள்

இந்தப் படிக்கு ஒரு வாரம் போதும். கோபம், கவலை, பயம், ஏமாற்றம் என்ற 4 சொற்கள். வெட்கமும் பொறாமையும் பிறகு வரட்டும். சொல் தெரியாத பிள்ளை கையாலும் காலாலும்தான் பேசுவான்.

பிட்டு தின்னும்போது, குளிக்க வார்க்கும்போது, உங்கள் வாழ்க்கையிலிருந்தே சொல்லுங்கள். "இன்று பஸ் நிற்காமல் போய்விட்டது. எனக்குக் கோபம் வந்தது. பிறகு அடுத்த பஸ்ஸில் வந்தேன்." பிள்ளையைப் பார்த்து "உனக்கு இப்போது என்ன உணர்ச்சி?" என்று பரீட்சை வைக்காதீர்கள். அவன் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்; 10 நாளில் அவனே ஒரு நாள் சொல்லுவான். என் மகன் முதலில் சொன்னது பூனையைப் பற்றி: "பூனைக்கு ஏமாற்றம், மீன் கிடைக்கவில்லை."

4. குரும்பட்டி, இளநீர், தேங்காய்

பிள்ளைக்கு எல்லாப் பிரச்சினையும் ஒரே அளவுதான். பென்சில் முறிவதும் வீடு தீப்பிடிப்பதும் அவனுக்கு ஒன்று. அளவு பார்க்கக் கற்றுக் கொடுக்க வேண்டும். இதற்கு விலை கொடுத்துப் படங்களும் அட்டைகளும் வாங்கத் தேவையில்லை. எங்கள் முற்றத்து மரத்தடியில் கிடந்ததையே எடுத்தேன்: ஒரு குரும்பட்டி (முற்றாமல் உதிர்ந்த தென்னம்பிஞ்சு), ஓர் இளநீர், ஒரு முற்றிய தேங்காய். மூன்றையும் பாயில் வரிசையாக வைத்தோம்.

குரும்பட்டிப் பிரச்சினையை அவனே தீர்ப்பான். பென்சில் முறிந்தது, தண்ணீர் சிந்தியது, செருப்பு கால் மாறிப் போனது எல்லாம் இதில் சேரும். இளநீர்ப் பிரச்சினைக்கு உதவி கேட்க வேண்டும். இளநீரைத் தனியே சீவ முடியாதல்லவா? அக்கா பொம்மையைத் தர மறுக்கிறாள், பந்து மதிலுக்கு அப்பால் விழுந்துவிட்டது, வயிறு வலிக்கிறது. தேங்காய்ப் பிரச்சினை என்றால் உடனே ஓடி வந்து சத்தமாகச் சொல்ல வேண்டும்: இரத்தம் வருகிறது, தம்பி கிணற்றடிக்குப் போகிறான், நெருப்பு, கூட்டத்தில் அம்மாவைக் காணவில்லை.

தேங்காயில் இன்னொன்றும் இருக்கிறது. அதை விட்டுவிட்டு இந்தப் படியைச் சொல்லிக் கொடுக்கவே கூடாது. யாராவது உடம்பில் தொடக் கூடாத இடத்தில் தொட்டால், நோகச் செய்தால், "அம்மாவிடம் சொல்லாதே" என்று சொன்னால், அது மிகப் பெரிய தேங்காய். அப்போது கத்தலாம், கடிக்கலாம், ஓடலாம். சொல்பவர் மாமாவாக இருந்தாலும் ஆசிரியராக இருந்தாலும் சரி. நிதானம் பழக்குகிறோம் என்ற பெயரில், எது நடந்தாலும் வாய் திறக்காத பிள்ளையை உருவாக்கிவிடக் கூடாது. இப்படி ஒன்று நடந்ததாகப் பிள்ளை சொன்னால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைக் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பிள்ளை அழும்போது "இது வெறும் குரும்பட்டி, இதற்குப் போய் அழுகிறாயே" என்று சொன்னால் இந்த விளையாட்டு அன்றோடு செத்துவிடும். அளவு பார்ப்பது அமைதியான நேரத்து விளையாட்டு. அடுத்த நாள் காலையில், "நேற்றுப் பென்சில் முறிந்தது எந்தக் காய்?" என்று கேளுங்கள்.

5. தேத்தண்ணி ஆற்றும் மூச்சு

இரண்டு உள்ளங்கைகளையும் குழித்துக் கோப்பை பிடிப்பதுபோல் வைக்க வேண்டும். மூக்கால் தேத்தண்ணியை மணக்க வேண்டும். பிறகு சூட்டை ஆற்றுவதுபோல் வாயால் மெல்ல, நீளமாக ஊத வேண்டும். பலமாக ஊதினால் தேத்தண்ணி சிந்திவிடும் என்று சொல்லுங்கள். தானாகவே மூச்சு நீளும். நீளமான வெளிமூச்சு நெஞ்சுப் படபடப்பைத் தணிக்கும். 5 தடவை போதும்.

இதை எப்போது பழக்குவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தினமும் படுக்கப் போகும்போது, 3 வாரம், ஒரு நாளும் விடாமல். உடம்புக்குப் பழகிய பிறகுதான் கோபத்தில் அது கைகொடுக்கும். கோபத்தை அடக்கும் மூளையின் முன்பகுதி முழுமையாக முதிர்வதற்கு 25 வயதளவாகும் என்பதையும் நினைவில் வையுங்கள். 4 வயதில் அது சின்னக் கன்று. கன்றை வண்டியில் பூட்டுவதில்லை.

வீட்டில் ஓர் இடத்தையும் ஒதுக்குங்கள். எங்கள் வீட்டில் சாமியறைக்கு வெளியே ஒரு பாயும் தலையணையும். கோபம் வந்தால் போய் இருக்கலாம், கூட நானும் இருப்பேன். "போ அங்கே!" என்று தண்டனையாக ஒரு முறை அனுப்பினால்கூட, அந்தப் பாயில் பிறகு அவன் இருக்கமாட்டான்.

6. ஒத்திகை: நாளுக்கு 10 நிமிடம்

என்னைக் கேட்டால், மற்ற எல்லாப் படிகளையும் விட இதுதான் பலன் கொடுத்தது. சிக்கலை நீங்களே வேண்டுமென்று உருவாக்கி, விளையாட்டாக நடித்துப் பாருங்கள். பிள்ளை வயிறு நிறைந்திருக்கும் நேரம் வேண்டும். எங்களுக்கு அது பின்னேரம் 4 மணி.

முதலில் பொம்மையை வைத்துத் தொடங்கினோம். கரடிப் பொம்மை போத்தல் மூடியைத் திறக்கப் பார்க்கிறது, முடியவில்லை, போத்தலை எறிகிறது. "கரடிக்கு என்ன சொல்லலாம் மகன்?" என்று கேட்டேன். அவன் கரடிக்குத் தேத்தண்ணி ஆற்றச் சொல்லிக் கொடுத்தான். 3 நாள் கழித்துக் கரடியின் இடத்தில் அவன் இருந்தான்.

பழக்க வேண்டியது 4 சொற்கள்: நில், ஊது, சொல், செய். ஒத்திகைக்கு எடுத்துக்கொள்ளும் சிக்கலை மிக இலேசானதிலிருந்து தொடங்குங்கள். நாங்கள் போன ஒழுங்கு இது: இறுகிய மூடி, பாதியாக உடைந்த பிஸ்கட், சிந்திய தண்ணீர், தவறாகக் கீறிய கோடு, அக்காவுடைய முறை வரும்வரை காத்திருத்தல், பாம்பும் ஏணியும் ஆட்டத்தில் தோற்றல், திடீரென்று மின்சாரம் போதல். ஒரு சிக்கலுக்கு 3 முதல் 5 நாள். தோற்பதுதான் எங்களுக்கு அதிக நாள் எடுத்தது, 2 வாரத்துக்கு மேல். அக்காவுக்கு அப்போது 7 வயது; தான் தோற்கும்போது "பரவாயில்லை, இன்னொரு ஆட்டம்" என்று சத்தமாகச் சொல்லுமாறு அவளிடம் தனியாகச் சொல்லி வைத்திருந்தேன். என் சொல்லைவிட அவள் சொல் அவனிடம் விரைவாகப் போய்ச் சேர்ந்தது.

வாயில் வைக்க வேண்டிய வசனங்களை முழுதாகக் கொடுங்கள். "உதவி வேண்டும் அம்மா." "இப்போது என்னுடைய முறை." "நான் விளையாடி முடித்துவிட்டுத் தருகிறேன்." "எனக்குக் கோபம், கொஞ்சம் தனியாக இருக்கிறேன்." கோபத்தில் வசனம் தேடும் வேலை பெரியவர்களுக்கே கடினம்.

இங்கே மூன்று குழிகள். முதலாவது: முதல் சில வாரங்களில் பிள்ளை "உதவி வேண்டும்" என்று கேட்டால் கறிச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு உடனே போங்கள். "பொறு, வருகிறேன்" என்று 10 நிமிடம் கழித்துப் போனால், கேட்பதைவிடக் கத்துவதுதான் விரைவில் பலிக்கிறது என்று அவன் கணக்குப் போட்டுவிடுவான். காத்திருக்கப் பழக்குவது பிறகு.

இரண்டாவது: "நல்ல பிள்ளை" என்று பொதுவாகப் பாராட்டினால் எதற்காக நல்ல பிள்ளை என்று அவனுக்குத் தெரியாது. "மூடி இறுகியிருந்தது, நீ எறியாமல் கொண்டுவந்து கேட்டாய்" என்று நடந்ததை அப்படியே திருப்பிச் சொல்லுங்கள்.

மூன்றாவது: சிக்கலை எல்லாம் நீங்களே தீர்த்துவிடுவது. சிந்திய தண்ணீரைத் துடைக்கத் துணியைக் கையில் கொடுங்கள். அரைகுறையாகத்தான் துடைப்பான். அவன் போன பிறகு மிச்சத்தைத் துடையுங்கள், அவன் பார்க்கும்போது வேண்டாம்.

7. உண்மையான புயல் அடிக்கும்போது

இப்போது பாடம் இல்லை. சொற்கள் குறைய வேண்டும். அவன் உயரத்துக்குக் குனிந்து உட்காருங்கள். ஒரே வசனம்: "கோபம் வந்துவிட்டது. நான் இங்கேதான் இருக்கிறேன்." பிறகு மௌனம். அடிக்கக் கை ஓங்கினால் கையைப் பிடித்து, "அடிக்க விடமாட்டேன்" என்று தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். பிள்ளை நம் குரலைத்தான் முதலில் கேட்பான், சொல்லை அல்ல. உங்களுக்கே பொறுமை போய்விட்டால் பிள்ளையை வீட்டில் வேறொரு பெரியவரிடம் விட்டுவிட்டு முற்றத்துக்குப் போய் நீங்கள் தேத்தண்ணி ஆற்றுங்கள். நான் பல முறை போயிருக்கிறேன்.

அழுகை ஓய்ந்ததும் ஒரு மிடறு தண்ணீர். பிறகு 2 நிமிடத்துக்கு மேல் போகாத பேச்சு: என்ன நடந்தது, அடுத்த முறை என்ன செய்யலாம். எறிந்ததை அவனே பொறுக்கி வைக்கட்டும்.

போனும் டொபியும் கொடுப்பதை நிறுத்தியதும் முதல் சில நாட்கள் அழுகை கூடும். இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. 5ஆம் நாள் 55 நிமிடம் அழுதான். எல்லாம் பிழைத்துவிட்டது என்று நினைத்தேன். பழைய வழி இனிப் பலிக்காதா என்று பிள்ளை இன்னும் பலமாகத் தட்டிப் பார்க்கும் நாட்கள் அவை. அந்த 55ஆவது நிமிடத்தில் போனைக் கொடுத்திருந்தால், அடுத்த முறை 55 நிமிடத்திலிருந்துதான் தொடங்கியிருப்பான். 9ஆம் நாளிலிருந்து குறையத் தொடங்கியது. ஆகவே திருமண வீடு, கோயில் திருவிழா, உறவினர் வருகை இல்லாத ஒரு 2 வாரத்தைப் பார்த்துத் தொடங்குங்கள். கார்த்திகை, மார்கழி மழைக்காலத்தில் பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பார்கள். அந்த நாட்களில் தொடங்குவதைவிட மழைக்கு முன்பே தொடங்குவது நல்லது.

8. வெளியிலும் முன்பள்ளியிலும்

கடைக்குப் போவதற்கு முன் வீட்டு வாசலிலேயே முடிவு சொல்லுங்கள்: "இன்று அரிசியும் சவர்க்காரமும் மட்டும். டொபி இல்லை." அல்லது "ஒரு பொருள், 100 ரூபாய்க்குள், நீயே தெரிவு செய்." கடைக்குள் போன பிறகு எந்த முடிவையும் மாற்றாதீர்கள். சனம் பார்க்கிறதே என்ற வெட்கத்தில் வாங்கிக் கொடுப்பது எல்லோருக்கும் நடக்கிறது. அதைத் தவிர்க்க, தொடக்க வாரங்களில் சனம் குறைந்த காலை நேரத்தில் 10 நிமிடத்தில் முடியும் கடைப் பயணமாகப் போங்கள். பையில் தண்ணீரும் பிஸ்கட்டும் இருக்கட்டும்.

கல்லடிக் கடற்கரை நல்ல ஒத்திகைக் களம். மண்வீடு கட்டினால் அலை வந்து உடைக்கத்தான் செய்யும். கட்டுவதற்கு முன்பே சொல்லுங்கள்: "அலை வந்தால் வீடு போய்விடும். போனால் என்ன செய்யலாம்?" முதல் நாள் கடலுக்குக் கல்லெறிந்தான். நாலாவது தடவை போனபோது கொஞ்சம் தள்ளி, மேட்டில் கட்டினான்.

மாமாங்கேஸ்வரர் கோயில் ஆடி அமாவாசைத் திருவிழாபோன்ற பெருங்கூட்டத்துக்குப் போவதானால் தேங்காய்ப் பிரச்சினையை முதல் நாளே ஒத்திகை பாருங்கள். அம்மாவைக் காணவில்லை என்றால் ஓடித் தேடாமல் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், சத்தமாகக் கூப்பிட வேண்டும், பொலிஸ்காரரிடம் அல்லது பிள்ளையோடு நிற்கும் ஒரு அம்மாவிடம் சொல்ல வேண்டும். உங்கள் தொலைபேசி இலக்கத்தை எழுதி அவன் பையில் வையுங்கள். 5 வயதுக்குமேல் என்றால் மனப்பாடமாக்குங்கள்.

முன்பள்ளி ஆசிரியைக்கு ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: நாங்கள் பயன்படுத்தும் "நில், ஊது, சொல், செய்" என்ற 4 சொற்கள், தேத்தண்ணி மூச்சு, எந்த நேரத்தில் கூடுதலாக அழுகிறான். 25 பிள்ளைகளை வைத்திருப்பவருக்கு நீண்ட கடிதம் வாசிக்க நேரம் இருக்காது. காலையில் வாசலில் வைத்துப் பேசாமல், விட்ட பிறகு 5 நிமிடம் கேளுங்கள்.

ஜனவரி 31இல் 5 வயது பூர்த்தியாகும் பிள்ளை தரம் 1க்குப் போகலாம் என்பதால், அதற்கு முந்திய 6 மாதத்தில் சாப்பாட்டுப் பெட்டி திறத்தல், மலசலகூடம் போகக் கேட்டல், பென்சில் இரவல் கேட்டல் ஆகிய மூன்றையும் ஒத்திகையில் சேர்த்துவிடுங்கள்.

9. எப்போது உதவி தேட வேண்டும், என்ன கொண்டுபோக வேண்டும்

8 வாரம் ஒழுங்காகச் செய்தும் மாற்றம் இல்லை என்றால் போங்கள். அதற்கு முன்பே போக வேண்டிய நிலைகளும் உண்டு: தலையைச் சுவரில் மோதுவதும் தன்னையே கடிப்பதும், ஒவ்வொரு நாளும் பல தடவை அரை மணித்தியாலத்துக்கு மேல் நீளும் அழுகை, 3 வயதாகியும் இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசாதது, முன்பு பேசிய சொற்கள் மறைந்துபோவது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது. கடைசியது காது கேட்கும் பிரச்சினையாகவும் இருக்கலாம். காது சரியாகக் கேட்காத பிள்ளையைச் சொல்வழி கேளாத பிள்ளை என்று பல வீடுகளில் ஏசிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் அல்லது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் சொல்லுங்கள். எங்கே, எந்தக் கிளினிக் நாளுக்கு என்று அவர்கள் எழுதித் தருவார்கள். மட்டக்களப்பில் போதனா வைத்தியசாலை இருக்கிறது. அம்பாறைக் கரையோரத்தில் உள்ளவர்கள் கல்முனை, அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலைகளில் முதலில் விசாரிக்கலாம். கிளினிக் நாள் இடத்துக்கு இடம் வேறுபடும். நாளைக் கேட்காமல் பஸ் ஏறாதீர்கள். நான் ஒரு முறை அப்படிப் போய் ஒரு நாள் சம்பளத்தை இழந்தேன்.

கொண்டுபோக வேண்டியவை: பிள்ளையின் சுகாதார அபிவிருத்திப் பதிவேடு, அதாவது பிறந்தபோது கொடுத்த, தடுப்பூசி விபரங்களும் வளர்ச்சி வரைபடமும் உள்ள புத்தகம், முதலாம் படியில் எழுதிய கொப்பி, முன்பள்ளி ஆசிரியை எழுதிய சில வரிகள், முன்பு காட்டிய வைத்தியத் துண்டுகள், அழுகை தொடங்கும்போது போனில் எடுத்த, 1 நிமிடத்துக்கு மேற்படாத 2 வீடியோக்கள். பிள்ளை கிளினிக்கில் அமைதியாக இருந்துவிடலாம், அப்போது வீட்டில் நடப்பதை வைத்தியருக்குக் காட்ட வீடியோ உதவும். அந்த வீடியோவை உறவினர் குழுக்களில் போடாதீர்கள்.

அரச வைத்தியசாலையில் பார்ப்பதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. செலவு பஸ் அல்லது ஓட்டோக் கூலியும், அரை நாள் வேலையும்தான். காலை 7 மணிக்கு முன் போய் இலக்கம் எடுத்துக்கொள்ளுங்கள், பிள்ளைக்குச் சாப்பாடும் கீறுவதற்குக் கொப்பியும் பையில் இருக்கட்டும். தனியார் இடத்துக்குப் போவதானால் ஒரு வகுப்புக்கான பணத்தை மட்டும் கட்டுங்கள். பெற்றோரை உள்ளே இருக்க விடுவார்களா, வீட்டில் செய்ய வேண்டியதை எழுதித் தருவார்களா என்று முதலிலேயே கேளுங்கள். இரண்டுக்கும் ஆம் என்று சொல்லாத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

உங்களுக்கே மனம் தாங்க முடியாத நாட்கள் வந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். பிள்ளைக்காக மட்டும்தான் அழைக்க வேண்டும் என்றில்லை.

கிளினிக்குக்கு முடிந்தால் இருவராகப் போங்கள். வைத்தியரிடம் பிள்ளையின் கோபத்தைப் பற்றி நீங்கள் விபரமாகச் சொல்லும்போது மற்றவர் பிள்ளையை வெளியே வாகை மரத்தடிக்குக் கூட்டிப் போகட்டும். தன்னைப் பற்றி அம்மா குறைகளாக அடுக்குவதைக் கேட்டபடி என் மகன் கதிரையின் கீழே ஒளிந்துகொண்டான். அடுத்த தடவை அம்மம்மாவையும் அழைத்துப் போனேன். நான் பேசி முடிக்கும்வரை அவர்கள் இருவரும் வெளியே தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தார்கள்.